விழுப்புரம் வரை யாரும் போனதில்லை

12 மே 2025, திங்கள்

சர்க்கரை கூடியிருக்கிறது. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். வ.உ.சி. மைதானத்தை இரண்டு சுற்று சுற்றினேன். அந்தக் களைப்புக்கு ஒரு டீ, இரண்டு உளுந்த வடை. இப்படி நடப்பதற்கு நடக்காமலே இருந்துவிடலாம்.

மத்தியானம் தச்சநல்லூரிலிருந்து தில்லைநாயகம் போன் செய்தார். விழுப்புரம் பாசஞ்சர் சீசன் டிக்கெட் பயணிகள் சங்கத்தின் நிரந்தரச் செயலாளர். கொரோனாவில் நிறுத்திய வண்டியைத் திரும்ப விடவே இல்லை. வண்டி போய் ஐந்து வருஷமாகியும் சங்கம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூலையில் நினைவு மலர் போடுகிறார்களாம், வண்டியின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம்.

"நம்ம கோஷ்டியிலே பேனா பிடிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நீருதான்வே" என்றார்.

சாத்தூர் தாலுகா ஆபீசில் காலமெல்லாம் 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று எழுதிக் கிழித்தவன் நான். சங்கத்துக்காகக் கூடுதல் பெட்டி கேட்டு எத்தனையோ மனு எழுதினேன். ஒரு பெட்டியும் வரவில்லை, கடைசியில் வண்டியே போய்விட்டது. இதை அவர் மறந்திருந்தார், நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஒப்புக்கொண்டேன்.

கல்யாணம் ஆகாத எனக்குச் சொல்ல வேறு யார், மாடியில் குடியிருக்கும் சாலோமி அக்காவிடம் சொன்னேன். எந்த ஸ்டேஷனில் எந்த வடை நல்லாயிருக்கும் என்பதைத் தவிர உனக்கு அந்த வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாள். உடன்பிறந்தவர்களை ஒரே வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

16 மே, வெள்ளி

முதல் வரி எழுதிவிட்டேன். "திருநெல்வேலிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஓடிய இந்த வண்டி—"

இரண்டாம் வரி வரவில்லை. எந்த வருஷம் ஓடத் தொடங்கியது? ரிட்டயர்டு கார்டு ஒருவரைக் கேட்டேன், எண்பதுக்குப் பிறகு என்றார். ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரைக் கேட்டேன், எண்பதுக்கு ரொம்ப முன்னாலேயே என்றார். இரண்டு பேரும் சத்தியம் செய்கிறார்கள்.

சரி, விழுப்புரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நான் விழுப்புரத்தைப் பார்த்ததே இல்லை! பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருவரும் போனதில்லை. தில்லைநாயகம் மதுரை வரை போயிருக்கிறார், அதுவும் விருதுநகரில் இறங்காமல் தூங்கிப்போன அன்றைக்கு. காலையில் வண்டி எங்களை அவரவர் ஆபீஸ் ஊரில் இறக்கிவிட்டு அதன் பாட்டுக்குப் போகும். சாயந்திரம் அந்தப் பக்கமிருந்து வரும் ஜோடி வண்டி எங்களை அள்ளிக்கொண்டு வரும். விழுப்புரம் என்று ஓர் ஊர் இருக்கிறது என்பதைப் பெட்டியில் தொங்கிய பலகையை நம்பி ஏற்றுக்கொண்டோம், பரலோகத்தை நம்புவது போல.

வழியில் இறங்கிக்கொண்ட ஆள் முழு வண்டிக்கும் வரலாறு எழுதுகிறேன். நல்ல லட்சணம்.

17 மே

எழுதவில்லை. வெயில் என்று காரணம் வைத்துக்கொள்வோம்.

24 மே, சனி

வண்டியைப் பற்றி எழுத முடியாவிட்டால் ஆட்களைப் பற்றி எழுதுவது என்று முடிவு. அங்கேயும் ஒரு சங்கடம். ஒருத்தர் பெயரும் தெரியாது.

சீசன் டிக்கெட்காரர்கள் யாரும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. கடம்பூர் போளியைப் பங்கு வைப்போம், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையெல்லாம் பேசுவோம், ஆனால் ஊர்தான் பெயர். நான் "சாத்தூர் சார்". சங்கம் ஆரம்பித்துக் கையெழுத்துப் போட்டபோதுதான் தில்லைநாயகத்தின் பெயரே எனக்குத் தெரியும். அதுவரை அவர் எனக்கு விருதுநகர் அண்ணாச்சி.

கோவில்பட்டி டீச்சர் சங்கத்தில் சேரவில்லை.

எழுதத்தான் வேண்டும். வேறு எங்கே எழுதுவது? பதினைந்து வருஷத்துக்கு மேல் எனக்கு எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். திருநெல்வேலி ஜங்ஷனில் நான் முன்னாலேயே ஏறி எதிர் இடத்தில் கைக்குட்டையைப் போட்டுவைப்பேன். அவர் படியேறுவது தெரிந்ததும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன், இடம் தற்செயலாகக் காலியாக இருப்பது மாதிரி. மணியாச்சி தாண்டியதும் தூக்குச்சட்டியைத் திறப்பார், எனக்கும் இரண்டு இட்லி. கோவில்பட்டியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்து "வரேன்" என்பார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் கிடையாது. அந்த ஒரு "வரேன்" போதும் எனக்கு, சாயந்திரம் வரை தாலுகா ஆபீசைத் தாங்கிக்கொள்வேன்.

2021இல், இரண்டாம் அலையின்போது, தில்லைநாயகம் போனில் சொன்னார். "நம்ம கோவில்பட்டி டீச்சரும் கொரோனால தவறிட்டாங்கவே." நான் "அப்படியா" என்றேன். அப்படியா! வேறென்ன கேட்பது? வீடு எங்கே, பெயர் என்ன என்று இத்தனை வருஷம் கழித்து எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்க? பெயர் தெரியாத ஆளுக்கு எந்த வாசலில் போய்த் துக்கம் விசாரிக்க? சபையில் ஜெபக் குறிப்பு கொடுக்கக்கூடப் பெயர் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஆராதனை பார்த்தபடி மனசுக்குள் "கர்த்தாவே, கோவில்பட்டி டீச்சர்" என்றேன். யாரென்று கர்த்தருக்குத் தெரியும் என்ற நம்பிக்கைதான்.

9 ஜூன், திங்கள்

எழுதி முடித்துவிட்டேன். வரலாறு முக்கால் பக்கம், கோவில்பட்டி டீச்சருக்கு அஞ்சலி மூன்று பக்கம். விகிதாசாரம் சரியில்லைதான். குறைத்துப் பார்த்தேன். வரலாறுதான் குறைந்தது.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது ஒரு தைரியம் வந்துவிடுகிறது. "அவருக்குத் தெரியாமலே இடம் போட்டு வைத்தேன்" என்று எழுதினேன். "ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் ஒரு எதிர் இருக்கை போதும்" என்று எழுதினேன். "கேட்டிருக்கலாம், பயந்துவிட்டேன்" என்றும் எழுதிவிட்டேன். உயிரோடிருக்கும் எவருக்கும் நான் இப்படி ஒரு வரி எழுதியதில்லை.

12 ஜூன்

அக்கா படித்துவிட்டாள். மேஜைமேல் வைத்தது என் தப்பு. கிண்டல் செய்வாள் என்று தயாராக இருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"உசுரோட இருக்கும்போது சொல்லியிருந்தா அந்தப் பிள்ளைக்காவது தெரிஞ்சிருக்கும்லா லே" என்றாள். அப்புறம் மாடிக்குப் போய்விட்டாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

5 ஜூலை, சனி

நாளை ஜங்ஷன் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் மலர் வெளியீடு. அஞ்சலியை நான் வாசிக்க வேண்டும், வாசித்து முடித்ததும் எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி. தில்லைநாயகத்திடம் கட்டுரை எப்படி என்று கேட்டேன். பிரமாதம் என்றார். படித்தீரா என்றேன். அச்சுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார்.

6 ஜூலை, ஞாயிறு

இன்றைக்குத் தூக்கம் வராது. எழுதியாவது வைக்கிறேன்.

நல்ல கூட்டம். நரைத்தும் வழுக்கையாகியும் ஆளையே அடையாளம் தெரியவில்லை. ஊரைச் சொன்னதும்தான் முகம் வந்தது. கடம்பூர், குமாரபுரம், நல்லி எல்லாம் வந்திருந்தார்கள். நான் மைக் முன்னால் போனேன். வரலாற்றை வாசித்தபோது பின்வரிசையில் கேசரி வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலியைத் தொடங்கியதும் மண்டபம் அமைதியாகிவிட்டது. கைக்குட்டை, இட்லி, "வரேன்" — ஒன்றையும் விடவில்லை. குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டேன். நடுவில் தலைநிமிர்ந்தபோது ஆளுக்கு ஆள் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். உருகுகிறார்கள் என்று நினைத்தேன். மடையன்.

எல்லோரும் எழுந்து நின்றோம். மௌன அஞ்சலியில் ஒரு கண்ணைத் திறந்து யார் வரவில்லை என்று பார்ப்பது எனக்குத் தாலுகா ஆபீஸ் பழக்கம். திறந்தேன்.

மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. பச்சைக் கரை போட்ட சேலை. கோவில்பட்டி டீச்சர், தலையைக் குனிந்துகொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, தமக்கே மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டு நிற்கிறார்.

கொஞ்சம் நரைத்திருக்கிறது. வேறு ஒன்றும் ஆகவில்லை. உதட்டை இறுக்கிக் கடித்திருந்தார். அழுகிறாரா, சிரிப்பை அடக்குகிறாரா, தெரியவில்லை. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், சத்தியமாக. மார்பு வெடித்துவிடும் போலிருந்தது. ஆண்டவரே, உயிரோடு இருக்கிறார். அடுத்த நொடி, இப்போது வாசித்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பயந்துவிட்டேன், எதிர் இருக்கை போதும்... ஐயோ!

மௌனம் முடியும்வரை நான் நிற்கவில்லை. கேசரி கிண்டிக்கொண்டிருந்த பின்கட்டு வழியாக வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். பாளையங்கோட்டை வந்து இறங்கும்போதுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. இறந்தவர் மண்டபத்தில் நிற்கிறார், அஞ்சலி செலுத்தியவன் வெறுங்காலோடு ஓடுகிறான்.

7 ஜூலை

வெளியே போகவில்லை. அக்கா இரண்டு தடவை சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். சிரிப்புச் சத்தம் மாடியிலிருந்து கேட்கிறது.

8 ஜூலை, செவ்வாய்

தில்லைநாயகம் என் செருப்பைக் கொண்டுவந்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி பாதி, குஷி பாதி.

விஷயம் இதுதான். நான் ஒவ்வொருவரையும் இறங்கும் ஊரை வைத்து அழைத்தேன். அவர் வீடு இருக்கும் ஊரை வைத்து. என் கோவில்பட்டி டீச்சர் தச்சநல்லூரில் குடியிருந்து கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர், ஆகவே தில்லைநாயகத்துக்கு அவர் தச்சநல்லூர் டீச்சர். தவறிப்போனது கோவில்பட்டியில் ஏறி விருதுநகரில் இறங்கும் இன்னொரு டீச்சர்.

"வீடு இருக்குற ஊருதானவே ஆளோட ஊரு" என்றார்.

"இறங்குற ஊர்லதானவே வேலை" என்றேன்.

இத்தனை வருஷம் ஒரே பெட்டியில் வந்தோம். இது ஒரு நாளும் இடிக்கவில்லை, யாரும் சாகாதவரை. வாசிக்கும்போதாவது நிறுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கேசரிக்கு முந்திரி வந்ததா என்று பார்க்கப் போயிருந்தாராம்.

டீச்சர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. தில்லைநாயகம் தானாகவே சொன்னார். மலரில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனாராம். ரிட்டயர் ஆனதும் பூர்வீக வீட்டுக்கு, ஆழ்வார்குறிச்சிக்குப் போய்விட்டார். மணிராஜ் என்றொரு கடம்பூர்க்காரர் சொல்லித்தான் விழாவுக்கு வந்தாராம்.

போன் நம்பரா! போனை அணைத்துவைத்தேன்.

11 ஜூலை, வெள்ளி

இரண்டு நாளாக இன்னொன்று அரிக்கிறது. அப்படியானால் இறந்தவருக்கு நான் அழவே இல்லை. கோவில்பட்டியில் டீச்சர் இறங்கியதும் அதே இடத்தில் பொத்தென்று உட்காருவாரே, ஜன்னலை மூடச் சொல்லித் தினமும் சண்டை போடுவாரே, அந்த அம்மாள். அந்த இடத்தில் உட்கார்ந்தார் என்பதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்காது. நான் விருதுநகர் டீச்சர் என்று வைத்திருந்தேன், அதுவும் மனசுக்குள். பெயர் பாலம்மாள்.

இன்று தில்லைநாயகத்தோடு கோவில்பட்டிக்குப் போய்த் துக்கம் விசாரித்தோம், நாலு வருஷம் கழித்து. அவருடைய கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஜன்னலுக்காகச் சண்டை போடுத சாத்தூர் சார்னு சொல்லுவா. நீங்கதானா? லீவு நாள்ல, இன்னைக்குச் சண்டை இல்லாம போரடிக்குன்னு சொல்லுவா."

நான்தான் என்றேன். மலரில் பாலம்மாளுக்கும் ஒரு பக்கம் அச்சடித்து ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை பெயர் போட்டு.

15 ஜூலை, செவ்வாய்

போனை இன்று திறந்தேன். பத்து நிமிஷம் ஆகவில்லை, மணி அடித்தது.

"விஜயஸ்ரீ பேசுதேன்" என்றது குரல். எந்த விஜயஸ்ரீ என்று கேட்டேன். கேட்டே விட்டேன், என் மூளை அப்படி.

"கோவில்பட்டி டீச்சர். செத்த பொறவாவது பேரு தெரிஞ்சிருக்கணும்லா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கணக்கு டீச்சராம், கட்டுரையைத் திருத்திவைத்திருக்கிறாராம். மூன்று தப்பு என்றார். முதலாவது, நான் சாகவில்லை. இரண்டாவது, இட்லிக்கு நான் கொண்டுவந்தது மிளகாய்ப்பொடி இல்லை, எள்ளுப்பொடி. ருசித்துச் சாப்பிடுகிறார் என்று நினைத்தேனே என்று வருத்தப்பட்டுக்கொண்டார். மூன்றாவதை வாசித்தே காட்டினார்.

"அவருக்குத் தெரியாமலே இடம் போட்டு வைத்தேன்னு எழுதியிருக்கீய. தெரியும். ஒரு நாளாவது நான் வண்டிக்கு ஓடி வந்து பாத்திருக்கீயளா? எல்லாரும் ஓடுவாவ. நான் பைய நடந்துதான் வருவேன்."

ஆமாம். பைய நடந்துதான் வருவார். அந்த நடையை ரசித்தேனே தவிர, காரணத்தை யோசித்தேனா?

உங்களுக்குக் குடும்பம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன் என்று உளறினேன். எங்க வீட்டுக்காரவுக தவறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நீங்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை என்றார். பையன் ஹைதராபாத்தில். பிறகு, ஆழ்வார்குறிச்சிக்குச் செங்கோட்டை பாசஞ்சர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று பொதுவாக ஒரு தகவல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

19 ஜூலை, சனி

செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினேன். சலவைச் சட்டை, சட்டைப்பையில் கைக்குட்டை, கையில் அரைக்கிலோ அல்வா. கேட்க வேண்டியதைச் சேரன்மாதேவி வரை மனப்பாடம் செய்தேன். மிச்சமுள்ள காலத்துக்கு எதிரே உட்கார முடியுமா? இதுதான் கேள்வி. கல்லிடைக்குறிச்சியில் வாசற்படிக்கு வந்துவிட்டேன். அம்பாசமுத்திரத்தில் இறங்கிவிட்டேன்.

அடுத்த வண்டியில் திரும்பி வந்து, அல்வாவை நானே தின்றேன். டாக்டருக்குத் தெரிய வேண்டாம்.

20 ஜூலை, ஞாயிறு

ஆராதனை முடிந்து நடந்து வரும்போது அக்கா கேட்டாள். "சபையில என்ன சொல்லுவாங்கன்னு பயப்படுதியா, அந்தப் பிள்ளை என்ன சொல்லும்னு பயப்படுதியா?"

இரண்டாவது என்றேன்.

"அப்ப போ. முதலாவதை நான் பாத்துக்கிடுதேன்."



24 ஜூலை, வியாழன்

போனேன். அம்பாசமுத்திரம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷனில் நின்றிருந்தார். வீட்டில் காபி. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. மதினி முறையில் ஒரு அம்மாள் சர்க்கரை கடன் கேட்கும் சாக்கில் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். மனப்பாடம் செய்ததைச் சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன். வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நீங்க விழுப்புரம் பாத்திருக்கீங்களா?"

கையிலிருந்த காபியை என் தலையில் நானே ஊற்றிக்கொள்ளலாமா என்று தோன்றியது.

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்ல" என்றார். "போவோமா?"

2 ஆகஸ்ட்

தில்லைநாயகத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. விழுப்புரத்தில் பார்க்க என்னவே இருக்கு என்கிறார். ஒன்றும் இல்லை என்றேன்.

14 ஆகஸ்ட், வியாழன். ஓடும் வண்டியில்

எழுத்து கோணலாக இருந்தால் அதற்குத் தண்டவாளம் பொறுப்பு.

பாசஞ்சர் இல்லை, பகல் எக்ஸ்பிரஸ். ஜங்ஷனுக்கு நான் வந்து சேர நேரமாகிவிட்டது. அக்கா வழிநெடுகச் சாப்பிடக் கட்டிக்கொடுத்துவிட்டு, நிலைவாசலில் நிறுத்தி ஜெபம் வேறு செய்தாள், ரொம்ப நீளமாக. மூச்சு வாங்க ஓடிவந்து பெட்டியில் ஏறினேன். ரிசர்வ் செய்த இடம், யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் என் இடத்தில் ஒரு கைக்குட்டை கிடந்தது. என்னைப் பார்த்ததும் டீச்சர் அதை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் நடக்காதது மாதிரி.

மணியாச்சி தாண்டியதும் இட்லி. எள்ளுப்பொடிதான். இப்போது தெரிகிறது.

கோவில்பட்டி வந்தது. வண்டி நின்றது. டீச்சர் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், வண்டி கிளம்பும்வரை.

சாத்தூர் நெருங்கியதும், பழகிய கை, தானாகவே பையைத் தேடிப் போனது. டீச்சர் பார்த்துவிட்டார்.

"இருங்க" என்றார்.

இருந்தேன்.